வெளியாளும் பரம்பரைப் பகையும்

பரம்பரைப் பகை பற்றிக் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வரதராஜப் பெருமாள் சந்நிதியில் யார் முன்னால் நின்று ஓதுவது என்று வடகலையும் தென்கலையும் நூறாண்டுக்கும் மேலாகக் கோர்ட் படி ஏறி வருகின்றன. காலனிய நீதிபதி என்கிற வெளியாள் ‘வழக்கம்’ எது என்று தேடினார். அவர் எழுதிவைத்த தீர்ப்புகளே அடுத்த சண்டைக்கு ஆயுதமாயின. நடுநிலை என்று வந்தவரும் ஆட்டத்துக்குள்தான் இருந்தார்.

கல்கத்தாவின் மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் கால்பந்துப் பகை பற்றிய சொல்லாடலிலும் இதே சிக்கல்தான். வெளிநாட்டுப் பயிற்சியாளர் தோற்றால் உடனே ஒரு விளக்கம் வரும்: ‘அவனுக்கு நம்ம மண்ணோட வாசனை தெரியாதுங்க.’ 2020 அக்டோபரில் ஈஸ்ட் பெங்காலுக்குப் பயிற்சியாளரானார் லிவர்பூலின் ராபி ஃபவுலர். நவம்பர் 27 அன்று ஐ.எஸ்.எல்.லில் அவருடைய முதல் ஆட்டமே மோகன் பகானோடு, 0–2 தோல்வி. சரி, ஜெயித்த அணியின் அந்தோனியோ ஹபாஸ் மட்டும் என்ன கல்கத்தாக்காரரா? அவரும் ஸ்பானியர்தானே! மண்வாசனை வாதம் இங்கேயே உடைகிறது. ஃபவுலருக்குக் கிடைக்காமல் போனது தயாரிப்புக்கான நாட்கள். ஆட்டமும் கோவாவில், கொரோனாவால் ஆளில்லாத மைதானத்தில் நடந்தது.

பி.கே. பானர்ஜியை எடுத்துக்கொள்வோம். ஈஸ்டர்ன் ரயில்வேக்கு ஆடியவர். ஆட்டக்காரராக இந்த இரண்டு கிளப்புக்கும் அந்நியர். அவர் பயிற்சியில்தான் 1975 ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியில் ஈஸ்ட் பெங்கால் 5–0 என்று மோகன் பகானை வென்றது. 1997 ஜூலை 13, ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. மோகன் பகானின் அமல் தத்தா தன் ‘வைர’ வியூகத்தை நம்பி எதிரணிப் பையன்களைக் கிண்டலடித்தார். பி.கே. அந்தக் கிண்டலையே அவர்களுக்கு மருந்தாகக் கொடுத்தார். சால்ட்லேக்கில் லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டத்தின் முன் 4–1. பைச்சுங் பூட்டியா மட்டும் மூன்று கோல்.

அப்படியானால் பகையைக் கருவியாக்கத் தெரிந்தவர்தான் நல்ல பயிற்சியாளர் என்று முடித்துக்கொள்ளலாமா? 1947 பிரிவினையில் வீடிழந்து வந்தவர்களுக்கு ஈஸ்ட் பெங்கால் ஒரு முகவரியாக இருந்தது. அந்த வலியை எரிபொருளாக்கினால் எரிவது யார்? 1980 ஆகஸ்ட் 16, ஈடன் கார்டன்ஸில் இதே பகையாட்டத்தின்போது மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் செத்தார்கள். செத்தவர்கள் யாரும் பயிற்சியாளர்களோ கிளப் நிர்வாகிகளோ இல்லை.

‘சும்மா இன்னொரு மேட்ச்தான்’ என்கிறார் வெளியாள், வரலாறு அழிகிறது. ‘இது மானப் பிரச்சினை’ என்கிறார் உள்ளூர்க்காரர்; கேலரியில் நிற்கிற மனிதர் அழிகிறார். பகைக்குப் பின்னாலிருக்கும் இழப்பைத் தெரிந்துகொண்டு, அதைத் தொண்ணூறு நிமிட விளையாட்டாக மட்டும் திருப்பித் தரத் தெரிகிறதா என்பதே அளவுகோல். பிறந்த ஊர் அல்ல.

தறிக்காரத் தெருவுக்கோ சேரிக்கோ சங்க வேலைக்காக வெளியூரிலிருந்து போகிற தோழர்களுக்கும் இந்தக் கேள்வி உண்டு. ஊர்ச்சண்டையைக் கண்டும் காணாமல் கொள்கை பேசுகிறோமா, இல்லை அந்தச் சண்டையிலேயே குளிர் காய்கிறோமா? அடி விழும்போது நாம் எங்கே நிற்கிறோம் என்று பார்த்தால் தெரிந்துவிடும்.