செவ்வியும் பேட்டியும்

இலங்கைப் பத்திரிகைத் தமிழ் கேட்க இனிமையானது, ஆனால் அது பாடப்புத்தகத் தமிழ் என்றொரு பேச்சு தமிழ்நாட்டில் நெடுங்காலமாக உண்டு. பாராட்டில் தொடங்கித் தள்ளிவைப்பதில் முடிகிற இந்தப் பேச்சை ஒப்புக்கொள்ள முடியாது. ஊடகவியலாளர், சஞ்சிகை, அலைவரிசை, ஆசிரியபீடம், பிரதம ஆசிரியர் ஆகிய சொற்களை யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஹற்றனிலோ பத்திரிகை வாங்குகிற எவரும் அகராதி பார்த்துப் படிப்பதில்லை. சலூனில் உட்கார்ந்து வீரகேசரி புரட்டுகிறவருக்கும் அவை அன்றாடச் சொற்கள். பழகாத காதுக்குக் கனமாக ஒலிப்பதனால் மட்டும் ஒரு சொல் செயற்கையாகிவிடாது.

செவ்வி என்ற சொல்லையே பாருங்கள். ஊடகத்துக்கு ஒருவர் அளிக்கும் உரையாடலை இலங்கையில் நாங்கள் செவ்வி என்கிறோம். தமிழ்நாட்டில் அது பேட்டி. பேட்டி வடக்கேயிருந்து வந்து தமிழில் ஊன்றிவிட்ட சொல். அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் அரசன் தன்னைக் காணவருவோருக்குத் தரும் காட்சியைச் செவ்வி என்று திருக்குறளே சொல்கிறது. காண அரியவராக இருக்கும் பெரியவர் ஒருவர் நேரம் ஒதுக்கிப் பேச இசைவது என்ற அந்தப் பொருள் இன்றைய பத்திரிகை வேலைக்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! வேலைக்கு ஆள் எடுப்பதற்கு எங்களிடம் நேர்முகப் பரீட்சை என்று வேறு சொல் இருப்பதால் குழப்பமும் இல்லை. அங்கே பரவலாகியுள்ள நேர்காணல் இரண்டு வேலையையும் சுமக்கிறது. ஊடகவியலாளர் என்ற சொல்லும் செவ்வியைப் போலவே பொருத்தமானது. அச்சு, வானொலி, தொலைக்காட்சி மூன்றையும் ஒரே சொல் தழுவுகிறது. பத்திரிகையாளர் சந்திப்பு என்று அறிவித்துவிட்டுக் கமெராக்களுக்கு முன் அமர வேண்டிய இடர் இங்கில்லை.

இந்தச் சொற்கள் தனித்தமிழ் ஆர்வத்தால் பிறந்தவை என்று நினைப்பது தவறு. சஞ்சிகையும், கூட்டுத்தாபனத்தில் உள்ள தாபனமும் வடமொழி வழி வந்தவை. தூய்மையை அளவுகோலாக்கினால் இதழ், கழகம் என்று எழுதும் தமிழ்நாடே முந்தும். எங்கள் சொற்களுக்குக் காரணம் வேறு. விஞ்ஞானம் உட்பட எல்லாப் பாடங்களையும் உயர்தரம் வரை தமிழிலேயே படித்த தலைமுறைகள் இங்கே பத்திரிகை எழுதின, அதே தலைமுறைகள் அவற்றை வாசித்தன. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்து அரச கருமத்திலிருந்து தமிழ் ஒதுக்கப்பட்டபோது, பொதுவாழ்வின் காரியங்களைத் தமிழ் முழுமையாகச் செய்துகாட்டிய இடங்களில் பத்திரிகையும் வானொலியும் முதன்மையானவை. நாடாளுமன்ற விவாதத்தையும் கிரிக்கெட் வர்ணனையையும் அவை தமிழிலேயே சொல்லியாக வேண்டியிருந்தது. ஒலிபரப்புக் கலை என்று நூலே எழுதிய சோ. சிவபாதசுந்தரம் யாழ்ப்பாணத்தவர், பி.பி.சி.யின் தமிழ்ச் சேவைக்குத் தமிழோசை என்று பெயரிட்டவரும் அவரே. மக்களுக்கு அந்தத் தமிழ் எட்டாததாக இருந்திருந்தால், அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜாவையும் பி.எச். அப்துல் ஹமீதையும் கேட்க இராமநாதபுரத்திலும் திருச்சியிலும் வீடு வீடாக ஏன் இலங்கை வானொலியைத் திருப்பினார்கள்? பொங்கும் பூம்புனல் என்ற நிகழ்ச்சிப் பெயரை அங்கே யாருக்கும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

தினத்தந்தியைச் சொல்லி மறுப்பார்கள். 1942இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய அந்த ஏடு எழுத்துக் கூட்டிப் படிப்பவரையும் வாசகராக்கியது. அதற்கு ஈடான காரியத்தை எங்கள் பத்திரிகைகள் செய்யவில்லை என்பதும் உண்மை. ஆனால் ஆதித்தனார் எளிமையாக்கியது தமிழுக்குள் நின்றுகொண்டு. கடல் கடந்து எங்கள் வரவேற்பறைக்கு வந்து சேரும் இன்றைய சென்னை அலைவரிசைகளில் கேட்பது பிரேக்கிங் நியூஸ், லைவ், பிரஸ் மீட், ஆங்கர். இதை எளிமை என்று எப்படிச் சொல்வது?

ரூபவாஹினி எந்த ஊர்த் தமிழ் என்ற கேள்வியும் வரும். 1982இல் தொடங்கிய அரச தொலைக்காட்சிக்கு அந்தப் பெயரைத் தமிழர் சூட்டவில்லை. தமிழ்நாட்டார் ஆகாசவாணியையும் தூர்தர்ஷனையும் கேட்டுப் பெறாதது போலத்தான். ஆகாசவாணிக்கு எதிராக வானொலி என்ற சொல்லுக்காக அவர்கள் குரல் கொடுத்ததை இங்குள்ள நாங்கள் மதிக்கவே செய்கிறோம். பண்பலை என்ற நல்ல சொல்லும் அவர்கள் வானொலி பரப்பியதே. எங்கள் தனியார் வானொலிகளோ எப்.எம். என்றே தங்களை அழைத்துக்கொண்டு, அறிவிப்பாளர்களைச் சென்னை உச்சரிப்புக்குப் பழக்குகின்றன. செவ்வியும் பத்திரிகைப் பக்கங்களில் அருகி வருகிறது. பண்பலையை அங்கிருந்து எடுத்துக்கொள்வதில் எங்களுக்கு இழுக்கில்லை. செவ்வியைக் கைவிடுவதற்கு மட்டும் எந்த நியாயமும் தெரியவில்லை. அதை எழுதுவதா விடுவதா என்பது இன்றைக்கும் எங்கள் ஆசிரியபீடங்களின் கையில்தான் இருக்கிறது.