கைவிரிப்பு முதல் நாமம் வரை

பெங்களூரு பிரேசர் டவுனுக்கு அரசுப் பெயர் புலிகேசி நகர். 1910இல் உருவான இந்தப் பகுதியில் தமிழ், உருது, கன்னடம் மூன்றும் ஒரே கடை வாசலில் புழங்கும். ஏற்ற பொறுப்பை மறுத்தவனை ஏசவும் மூன்று மொழியிலும் சொல் தயாராக இருக்கிறது. தமிழர் ‘பட்டை நாமம் போட்டுட்டான்’ என்பார். கன்னடக்காரர் ‘பங்கநாம’ என்பார். உருது பேசுபவர் தொப்பி மாட்டியதாகச் சொல்வார். எந்த மொழியானாலும் அலங்காரம் ஏமாந்தவருக்குத்தான்!

தமிழ் வழக்கில் இந்த மறுப்புக்குப் படிநிலை உண்டு. கைவிரித்தவன் ‘என்னிடம் இல்லை’ என்கிறான். கைகழுவியவன் ‘எனக்குச் சம்பந்தமே இல்லை’ என்கிறான். நாமம் போட்டவனுக்கோ வாங்கும்போதே திருப்பித் தரும் எண்ணம் கிடையாது. மஞ்சள் கடுதாசி கொடுப்பவன் தன் இயலாமையை நீதிமன்றத்தில் பதிவு செய்கிறான். 1909, 1920ஆம் ஆண்டுகளின் நொடிப்புச் சட்டங்கள் காட்டிய வழி அது. ஊர் இந்த நால்வரையும் சமமாக வெறுப்பதில்லை. சட்டமும் அப்படித்தான்: நொடித்தவருக்கு விடுதலை கொடுத்தாலும், மோசடியால் பட்ட கடனை அது தள்ளுபடி செய்வதில்லை.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதில் சற்றுக் கறார். வாக்கை முழுமையாக நிறைவேற்ற மறுத்தவனையும், நிறைவேற்ற முடியாதபடி தன்னைத் தானே ஆக்கிக்கொண்டவனையும் அதன் 39ஆம் பிரிவு ஒரே தட்டில் வைக்கிறது. இரண்டு நிலையிலும் எதிர்த்தரப்பு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். ஆனால் சொல்லாலோ நடத்தையாலோ அது தொடரச் சம்மதம் காட்டிவிட்டால் அந்த உரிமை போய்விடும். ‘அடுத்த மாசம் பார்க்கலாம்’ என்று தலையாட்டுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

மறுப்பவர் எல்லோரும் வாய் திறந்து மறுப்பதில்லை. பிரேசர் டவுனுக்குப் பக்கத்துச் சிவாஜி நகரில் கடை வைத்திருந்த ஐ.எம்.ஏ. நிறுவனமே சான்று. வட்டி வாங்கத் தயங்கும் இஸ்லாமியக் குடும்பங்களிடம் ‘ஹலால் முதலீடு’ என்ற பெயரில் பணம் திரட்டியது. 2019 ஜூனில் நிறுவனர் மன்சூர் கான் துபாய்க்குப் போனார். ஜூலை 19 அன்று டெல்லி திரும்பியபோது கைதானார். புகார்கள் 40,000ஐத் தாண்டின.

கம்பி நீட்டியது கடைசிக் காட்சிதான். பணம் போட்டவர்களை நிறுவனம் முதலிலேயே ‘பங்குதாரர்’ என்று எழுதிவைத்திருந்தது. வைப்பாளருக்கு அசலைத் திருப்பித் தந்தாக வேண்டும். பங்குதாரருக்கு லாபத்தைப் போலவே நட்டத்திலும் பங்கு உண்டு. கைகழுவத் தண்ணீர் படிவத்திலேயே இருந்தது.

இத்தகைய வழக்குகளில் சொத்தை முடக்கி வைப்பாளருக்குப் பகிர்ந்தளிக்கத் தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுச் சட்டமும், கர்நாடகத்தில் 2004ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. எந்தச் சட்டமும் பிறகுதான் வரும். பணம் கட்டும் முன், படிவத்தில் உங்கள் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை வாசித்துவிடுங்கள்.