பழம் கிடைக்காத தம்பி

தமிழ்ப்பள்ளிகளில் நடக்கும் கதை சொல்லும் போட்டிகளில் தவறாமல் மேடையேறும் கதை ஞானப்பழக் கதை. ஏழெட்டு வயதுப் பிள்ளை வணக்கம் சொல்லி ஆரம்பிக்கும். மயிலேறிப் போன முருகனுக்காகக் கைகளை விரித்து மேடையை ஒரு சுற்றுச் சுற்றும். பிள்ளையாருக்காக வயிற்றைத் தள்ளிக்கொண்டு நாலடி ஆடி நடக்கும். சபை சிரிக்கும். அடுத்த நிமிடமே குரல் மாறிவிடும்: பெற்றோரே உலகம், அவர்களை மதித்து நடப்போம், நன்றி, வணக்கம். பினாங்கில், செபராங் ஜெயாவிலும் பிறையிலும் பட்டர்வொர்த்திலும் இதே அச்சுதான்.

இந்த அச்சில் விடுபடுகிறவன் தம்பி. கதைக்குள் நடக்கும் போட்டியின் விதி, பழத்துக்காக உலகைச் சுற்றிவருவது. அவன் உண்மையிலேயே சுற்றினான். மூச்சிரைக்கத் திரும்பி வந்தால், வீட்டிலேயே இருந்த அண்ணன் கையில் பழம். பெற்றோரைச் சுற்றினாலே உலகைச் சுற்றியதாகும் என்று விதிக்கு வேறு அர்த்தம் சொல்லி ஆட்டத்தை முடித்துவிட்டார்கள். வீட்டில் இரண்டாவதாகப் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் இந்த அநியாயத்தை விளக்க வேண்டியதில்லை. ஆனால் நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் வடிவத்தில் முருகனின் கோபத்துக்குக் கிடைப்பது ஒரு வாக்கியம், அதிகம் போனால் இரண்டு.

கதையைக் குறை சொல்ல மாட்டேன். குழந்தைகளுக்கான மாயக்கதை என்ற கணக்கில் பார்த்தாலும் இது அபாரமான கட்டுமானம். ஒரு பழம், இரண்டு பிள்ளைகள், ஒரு நிபந்தனை. 'பாதியா வெட்டிக் கொடுத்திருக்கலாமே' என்று எந்தக் குழந்தையும் கேட்கும். அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் நாரதர் வாயில், வெட்டக் கூடாது என்பதை முன்கூட்டியே வைத்திருக்கிறார்கள். கலகக்காரர் என்று பெயர் வாங்கியவர் கொண்டுவரும் பழம் வேறு எப்படி இருக்கும்? வாகனங்கள்கூடக் குணத்தைச் சொல்லிவிடுகின்றன. மயில் வைத்திருப்பவன் கிளம்பிவிடுவான். மூஞ்சூறு வைத்திருப்பவன் யோசித்தாக வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, இதில் கெட்டவன் இல்லை. அண்ணன் திருடவில்லை, தம்பி சோம்பேறி இல்லை. தோற்றவனுக்குத் தண்டனையும் இல்லை, மலை இருக்கிறது. தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலையின் 500-க்கும் மேற்பட்ட படிகளில் ஏறும் கூட்டத்தைப் பாருங்கள். பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு போய் ஆண்டிக்கோலம் பூண்ட அந்தப் பிள்ளையின் பெயரில்தான் மேலே பாலதண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. போட்டி மேடையில் அண்ணனுக்குக் கைதட்டிய குடும்பம்தான் இங்கே தம்பிக்குப் பால்குடம் எடுக்கிறது. இரண்டையும் சேர்த்துக் குழந்தைக்கு நாம் ஒருநாளும் சொல்வதில்லை.

கதையின் வேறு வடிவங்களைப் பார்த்தால் வேடிக்கை கூடுகிறது. சிவபுராணத்தில் அண்ணன் தம்பி ஓட்டம் பழத்துக்காக இல்லை, யாருக்கு முதலில் கல்யாணம் என்பதற்காக. அண்ணன் தாய் தந்தையைச் சுற்றிவந்து சித்தி, புத்தி இருவரையும் மணந்துகொள்கிறார். தம்பி கோபித்துக்கொண்டு கிரௌஞ்ச மலைக்குப் போய்விடுகிறார். வடக்கே பல இடங்களில் கார்த்திகேயன் பிரம்மச்சாரி. நம் பக்கம் வந்தால் அண்ணன் குளக்கரையில் தனியாக உட்கார்ந்திருக்கிறார், தம்பிக்கு இரண்டு மனைவியர். பழத்தை இழந்தவனுக்குத் தெற்கே வேறு வகையில் கணக்குத் தீர்த்துவிட்டார்கள்.

அதற்கும் மேலே ஒன்று உண்டு. கச்சியப்பரின் கந்தபுராணத்தில், தினைப்புனத்தில் வள்ளி மசியாதபோது முருகன் உதவிக்குக் கூப்பிடுவது அதே அண்ணனைத்தான். அவர் யானையாக வந்து மிரட்ட, பயந்த பெண் கிழவேடத்தில் இருக்கும் முருகனைக் கட்டிக்கொள்கிறாள். ஒரு பெண்ணைப் பயமுறுத்திச் சம்மதம் வாங்கலாமா என்று இன்றைய பிள்ளை கேட்டால், அது நியாயமான கேள்விதான், கேட்கட்டும். ஆனால் பழச்சண்டைக்கு இதைவிட நல்ல தொடர்ச்சியை யாரும் எழுத முடியாது. பழம் வாங்கிக்கொண்ட அண்ணன் தம்பி காதலுக்கு வேலைக்காரனாக ஓடிவருகிறார். 'நீ செஞ்சதுக்கு இதாவது செய்' என்று தம்பி கேட்டிருப்பானா? நான் எழுதினால் கேட்க வைத்திருப்பேன்.

உடன்பிறப்புச் சண்டை என்றதும் எனக்கு டயானா வின் ஜோன்ஸ் ஞாபகத்துக்கு வருகிறார். 1934-இல் பிறந்து 2011-இல் மறைந்த ஆங்கில எழுத்தாளர். 1984-இல் வந்த அவருடைய 'ஆர்ச்சர்ஸ் கூன்' நாவலில் ஓர் ஊர், அதைப் பங்குபோட்டு ஆளும் மந்திரசக்தி படைத்த ஏழு உடன்பிறப்புகள். மின்சாரம் ஒருவனுக்கு, குற்றங்கள் ஒருத்திக்கு, போலீஸ் இன்னொருத்திக்கு, சாலை ஒருவனுக்கு, கடையும் இசையும் ஒருவனுக்கு, சாக்கடை ஒருவனுக்கு, பள்ளிக்கூடம் கடைக்குட்டிக்கு. ஹோவர்ட் என்ற 13 வயதுப் பையனின் அப்பா எழுத்தாளர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 2,000 சொற்கள் எழுதி நகர மன்றத்துக்கு அனுப்பி வருகிறார், எதற்கென்று தெரியாமலே. ஒரு நாள் பள்ளி விட்டு வந்து பார்த்தால், சமையலறையில் மலைபோல ஒரு அடியாள் உட்கார்ந்து கத்தியால் நகத்தைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறான். சொற்கள் வந்து சேரவில்லையாம்.

அப்பா இனி எழுத மாட்டேன் என்று முறுக்கிக்கொள்ள, உடன்பிறப்புகள் வீட்டின் மீது பாய்கிறார்கள். விளக்கு அணைகிறது, வாசலில் சாலையைத் தோண்டிப்போடுகிறார்கள், தெருவில் வாத்தியக் கோஷ்டிகள் வந்து காதைக் கிழிக்கின்றன. மந்திரம் என்றால் மின்னலும் டிராகனும் என்று நினைத்த வாசகனுக்கு, இங்கே மந்திரம் என்பது வீட்டுக்கு வரும் பில். இது நமக்குப் புரியாததல்ல. 2024 ஜனவரியில் சுங்கை டுவா நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றும் வேலைக்காகப் பினாங்கின் பல பகுதிகளில் நான்கு நாள் நீர் விநியோகம் தடைபட்டது. வாளியும் தோங்கும் நிரப்பி வைத்த வீடுகளில், 'தண்ணிய யாரு நிறுத்துனா?' என்று குழந்தைகள் கேட்டிருப்பார்கள். ஜோன்ஸ் அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு முழு நாவலே எழுதியவர்: நிறுத்தியது ஒரு தம்பி, அவனுக்கு அவன் அண்ணன் மேல் கோபம்.

ஜோன்ஸிடம் நாம் கற்க வேண்டியது உடன்பிறப்புச் சண்டையைப் பார்த்துச் சிரிக்கும் அவருடைய சிரிப்பு. ஏழு பேரில் எவருக்கும் நடுவர் இல்லை. தாய் தந்தை வந்து தீர்ப்புச் சொல்வதில்லை. ஹோவர்டின் வீட்டிலும் அக்கப்போர்தான். ஆவ்ஃபுல் என்றே கூப்பிடப்படும் அவன் தங்கை கத்தினால் மந்திரவாதிகளே பின்வாங்குவார்கள். சண்டை போடும் குழந்தையை அவர் திருத்தப் பார்க்கவில்லை. உற்றுப் பார்க்கிறார், அவ்வளவுதான். அதற்காகக் குற்றத்தைக் குழந்தையின் தலையிலிருந்து இறக்கிவிடவும் இல்லை. முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது, மன்னிக்கவும்: இத்தனை பேரையும் ஊரைவிட்டு நகர முடியாதபடி கட்டிப்போட்ட கடைசித் தம்பி ஹோவர்டேதான். நாம் யார் பக்கம் நின்று மற்றவர்களைத் திட்டிக்கொண்டிருந்தோமோ, அவனே வீட்டின் மிக மோசமான செல்லப்பிள்ளை. குழந்தை நூல் ஒன்று இவ்வளவு நேர்மையாக இருப்பது அபூர்வம்.

அதன் பிறகுதான் சறுக்குகிறார். ஏழில் மூத்த மூவரையும் ஒரு விண்கலத்தில் ஏற்றி அனுப்பிவிட்டுக் கதையை முடிக்கிறார். மூத்தவர்கள் கெட்டவர்கள், இளையவர்கள் தேறிவிடுவார்கள். 1947-இல் தொடங்கிய அம்புலிமாமாவைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இது பழகிய தடம்: பொறாமைபிடித்த மூத்த இளவரசர்கள், கடைசியில் ஜெயிக்கும் இளையவன். அவ்வளவு நுணுக்கமாகச் சிக்கவைத்த உறவுகளை இப்படி ஊரைவிட்டு அனுப்பித் தீர்ப்பது சோர்வைத் தருகிறது. அந்த எழுவரில் பெண்கள் இருவர், இருவருமே விண்கலத்தில் ஏறுகிறவர்கள் என்பதும் உறுத்துகிறது. கடைசி அத்தியாயங்களில் யார் எந்தக் காலத்தில் என்ன செய்தார் என்று விரல்விட்டு எண்ண வேண்டியிருக்கிறது, இரண்டாம் முறை படித்தாலும்.

நம்முடைய ஞானப்பழக் கதை இந்தக் குழியில் விழவில்லை. கோபித்தவனை விரட்டவில்லை, ஜெயித்தவனைக் கெட்டவனாக்கவில்லை, பிறகொரு நாள் யானை வேடத்தில் உறவை ஒட்டவும் வைத்தது. கட்டுமானத்தில் ஜோன்ஸின் நாவலைவிட ஒரு படி மேலே இருக்கிற கதையை, சொல்லும்போது நாம்தான் சப்பையாக்குகிறோம்.

சமாதானமாக ஒன்று சொல்வார்கள்: சாமிக் கதையில் கேலி கூடாது, பிள்ளைகளுக்குப் பக்தி போய்விடும். எனக்கு இது விளங்குவதில்லை. சாமியைப் பேர் சொல்லி அதட்டுகிற பாட்டிகளிடம்தான் நாம் இந்தக் கதைகளைக் கேட்டோம். ஏ.பி. நாகராஜனின் 'திருவிளையாடல்' 1965-இல் வெளிவந்தபோது, கோபித்துக்கொண்ட பாலமுருகனை ஔவையாராக வந்த கே.பி. சுந்தராம்பாள் சமாதானம் செய்யும் காட்சியைக் கண்கலங்கப் பார்த்தார்கள். அந்தக் காட்சி முழுக்கத் தம்பியின் கோபத்தின் மீதே நிற்கிறது. யாருக்கும் பக்தி குறையவில்லை. மேடைக்குப் பிள்ளையைத் தயார் செய்யும் பெரியவர்கள்தான் போட்டிக்குக் கொடுக்கும் சில நிமிடங்களில் பாடத்தை முதலில் வைத்துவிட்டு, மிச்ச இடத்தில் கதையைத் திணிக்கிறார்கள்.

பினாங்கிலேயே எழுதப்படக் காத்திருக்கும் கதை ஒன்று உண்டு. 1894 முதல் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வெள்ளி ரதம் முருகனை ஏற்றிக்கொண்டு ஜார்ஜ்டவுனிலிருந்து தண்ணீர்மலைக்குப் போகிறது. 2017-இல் இந்து அறப்பணி வாரியத்தின் தங்க ரதமும் முருகனின் வேலாயுதத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. ஒரே நாள், ஒரே மலை, இரண்டு ரதங்கள். பெரியவர்கள் இதை நிர்வாகம், மரபு, வழித்தடம் என்று பேசினார்கள். தேங்காய் குவித்துச் சாலையோரம் காத்திருக்கும் பிள்ளைக்குத் தோன்றும் கேள்வி வேறு: சாமி ஒரு வண்டியில், வேல் இன்னொரு வண்டியில், நடுவழியில் சூரன் வந்துவிட்டால் என்ன செய்வார்? இரண்டு ரதமும் ஒன்றையொன்று முந்தப் பார்த்தால் பிள்ளையார் எதில் ஏறுவார்? பத்து வயதுப் பிள்ளையிடம் இதை ஒப்படைத்து, கடைசியில் நன்னெறி எழுதத் தேவையில்லை என்றும் சொல்லிப் பார்க்கலாம். பினாங்கு பொது நூலகக் கழகத்தின் தலைமை நூலகம் செபராங் ஜெயாவில்தான் இருக்கிறது. அதன் தமிழ் அலமாரியில் அப்படி ஒரு புத்தகத்துக்கு நிச்சயம் இடம் இருக்கும்.