மகேஷ் என்றொரு பெயர்: ‘அஷ்டா சம்மா’ பற்றி

ஆஸ்கார் வைல்டின் ‘தி இம்பார்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்’ (1895) நாடகத்தை வேறு மொழிக்குக் கொண்டுபோகிற யாரும் தலைப்பிலேயே முட்டிக்கொள்ள வேண்டியதுதான். எர்னஸ்ட் என்பது ஒரு பெயர். அதே ஒலியில் சிரத்தை, உண்மை என்ற பொருளும் ஆங்கிலத்தில் வரும். அந்தப் பெயரைப் பொய்யாக வைத்துக்கொண்டவனைத்தான் நாயகி காதலிக்கிறாள். சிலேடை போனால் பாதி நாடகம் போச்சு.

2008ல் மோகன கிருஷ்ண இந்திரகண்டி இதைத் தெலுங்கில் ‘அஷ்டா சம்மா’வாக எடுத்தபோது சிலேடையைத் தேடி மெனக்கெடவே இல்லை. லாவண்யாவுக்கு (ஸ்வாதி) மகேஷ் பாபு மேல் பைத்தியம். அவருக்குத்தான் கல்யாணம் ஆகிவிட்டதே. சரி, மகேஷ் என்ற பெயர் உள்ளவனையாவது கட்டிக்கணும். அப்படி வந்து நிற்கிற மகேஷ் (நானி, அவருக்கு இதுதான் முதல் படம்) உண்மையில் ராம்பாபு. கிராமத்தில் ஊரே மதிக்கும் பெரிய வீட்டுப் பிள்ளை. ஹைதராபாத்தில் மட்டும் மகேஷ்.

இந்த ஒரு மாற்றம் கதையின் எடையையே மாற்றிவிடுகிறது. வைல்டிடம் பெயர்மோகத்துக்குக் காரணமே கிடையாது. அதுதான் அங்கே நகைச்சுவை. இங்கே காரணம் இருக்கு, தெலுங்கு ரசிகருக்கு அதை விளக்கவும் வேண்டாம். ரசிகர் என்றதும் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றும் இளைஞன்தானே நினைவுக்கு வருவான்? இங்கே ஒரு பெண்ணின் ரசிக மோகம் கதையை ஓட்டுகிறது. படம் அவளோடு சேர்ந்து சிரிக்கிறது, அவளைப் பார்த்து அல்ல.

இன்னொன்று, பெயருக்கு வாசனை உண்டு. ராம்பாபுவில் ஊர் இருக்கு, போன தலைமுறை இருக்கு. மகேஷில் நகரம் இருக்கு. அவள் கேட்பது ஒரு பெயர், அவன் மறைப்பதோ ஒரு ஊர். வேடிக்கை என்னன்னா, அவள் தேடும் பெயரின் பின்பாதியான ‘பாபு’ அவனிடம் முதலிலிருந்தே இருக்கு!

தலைப்பும் பொருத்தம். அஷ்டா சம்மா நான்கு சோழிகளை உருட்டி ஆடும் ஆட்டம், நம்ம தாயத்துக்கு உறவு. அஷ்டா எட்டு, சம்மா நாலு. வெட்டுப்பட்ட காய் மறுபடி தொடங்கிய இடத்திலிருந்தே கிளம்பணும். பொய்ப்பெயர்க் காதலுக்கும் அதே விதிதான்.

எனக்கு ஒரு குறை உண்டு. வைல்டின் லேடி பிராக்னெல் மாப்பிள்ளையிடம் வருமானம், வீடு, பெற்றோர் எல்லாம் விசாரிக்கும்போது மேட்டுக்குடிக் கல்யாணமே கணக்கு வழக்குதான் என்று அம்பலமாகும். ராம்பாபுவின் ஊர் மரியாதையோ இங்கே சிரிப்புக்கு மட்டும்தான் பயன்படுகிறது. அது எங்கிருந்து வந்தது என்று படம் கேட்பதே இல்லை. இனிமை கூடியிருக்கு, கூர்மை மழுங்கியிருக்கு.

ஆனாலும் பாருங்க. அதே 2008ல் வந்த ‘சுப்ரமணியபுர’த்தில் கண்ணாலேயே பேசிய ஸ்வாதி, இதில் மூச்சுவிடாமல் பேசுகிறார். அதற்காகவே பார்க்கலாம்.