ரேடியோ நெல்லும் ஊடகவியல் வகுப்பும்

இந்தியப் பத்திரிகைத் தொழிலின் மூலபுருஷர்களுள் ஒருவராகிய ஜி. சுப்பிரமணிய ஐயர் திருவையாற்றிலே பிறந்தவர். நண்பர் ஐவரோடு சேர்ந்து 1878-ல் 'ஹிந்து'வையும், பின்னர் 1882-ல் 'சுதேசமித்திர'னையும் தோற்றுவித்தவர். அந்த 'ஹிந்து'வைப் பிற்காலத்தில் விலைக்கு வாங்கி நிலைநிறுத்திய கஸ்தூரிரங்க ஐயங்கார் கும்பகோணத்தை அடுத்த இன்னம்பூர்க்காரர்; ஆனந்த விகடனுக்குப் பெருவாழ்வு தந்த எஸ். எஸ். வாசன் திருத்துறைப்பூண்டியைச் சேர்ந்தவர். கல்கி மாயவரத்துக்கு அருகிலுள்ள புத்தமங்கலத்திலே பிறந்தவர். 1942-ல் திருவாரூரில் 'முரசொலி'யைத் துண்டுப் பிரசுரமாக வெளியிட்ட மு. கருணாநிதி அப்போது பள்ளிக்கூடத்து மாணவர். இவர்களுள் ஒருவரேனும் இதழியலை வகுப்பில் அமர்ந்து பயின்றவரல்லர். சென்னைச் சர்வகலாசாலையிலே அதற்கென ஒரு பட்டயப் படிப்பு ஏற்பட்டதே 1947-ல்தான். ஆதலால், பத்திரிகைத் தொழில் கற்பித்து வருவதன்று, அதற்கு ஒரு பல்கலைக்கழகத் துறையும் பட்டமும் எதற்கு என்று தஞ்சைப் பக்கத்துப் பழைய நிருபர்கள் கேட்கும்போது, அக்கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிட முடிவதில்லை.

ஆயினும் அந்தப் பெயர் வரிசையை மறுபடியும் ஒருமுறை நிதானமாகப் பார்க்கவேண்டும். அவர்களுட் பலர், வீட்டிலேயே ஏடும் எழுத்தும் இருந்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். சென்னையில் ஓர் உறவினர் வீடாவது, அறிமுகக் கடிதம் கொடுக்க ஒரு பெரியவராவது அவர்களுக்கு வாய்த்தது. அப்படி வாய்க்காதவர்களுக்குத் திறந்திருந்த வேறொரு வாயில், கட்சி இயக்கம். கருணாநிதி வந்தது அவ்வழியாகவே. இவ்விரண்டு வாயில்களும் இல்லாத ஒருவருக்கு, அதாவது ஒரத்தநாட்டுப் பக்கம் நடவு நட்டுப் பிழைக்கும் ஒரு தாயின் மகளுக்கு, செய்தி நிலையத்துக்குள் நுழைவதற்கு மூன்றாவது வாயிலொன்றைத் திறந்துவிட்டது ஊடகவியற் கல்வியே என்பது என் அபிப்பிராயம். 2009-ல் ஏற்பட்டுத் திருவாரூரை அடுத்த நீலக்குடியில் நடைபெறும் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்தின் ஊடகம் மற்றும் தொடர்பியல் துறையிலும், சுற்றுவட்டாரத்துக் கலைக் கல்லூரிகள் சிலவற்றின் காட்சித் தகவலியல் வகுப்புகளிலும், குடும்பத்திலே முதன்முதலாகக் கல்லூரிப்படி ஏறியவர்களைக் காண்பது அரிதன்று. இந்த ஒரு நன்மைக்காகவே இப்படிப்பு இருக்கலாம் என்று சொன்னாலும் தகும். ஒரு செய்தியிலே யாருடைய குரல் வருகிறது, யாருடைய குரல் வரவில்லை என்று கேட்கும் பழக்கத்தை ஊட்டுவது இக்கல்வியின் மற்றொரு நன்மை. செய்தி நிலையத்து அவசரத்திலே அந்தக் கேள்வியைக் கேட்க எவருக்கும் பொழுதிருப்பதில்லை.

இனிக் குறைகளுக்கு வருவோம். இத்துறையின் மாணவர்கள் முதலாண்டிலேயே மனப்பாடம் செய்யும் சித்தாந்தங்களுள் 'புதுமை பரவல்' என்பது ஒன்று. அது பிறந்த இடம் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்து மக்காச்சோளக் காடு. அங்கே கலப்பின விதை குடியானவரிடையே எவ்வாறு பரவிற்று என்று ரையன், கிராஸ் என்னும் இருவர் ஆராய்ந்து 1943-ல் வெளியிட்டனர்; அதே மாநிலத்துக் குடியானவர் மகனாகிய எவரெட் ராஜர்ஸ், தம் தந்தை அந்த விதையை ஏற்கத் தயங்கி 1936-ஆம் ஆண்டு வறட்சியில் விளைச்சலை இழந்ததை நேரிற் கண்டவர், அதனையும் பிற ஆராய்ச்சிகளையும் தொகுத்து 1962-ல் நூலாக எழுதினார். முதலில் ஏற்பவர், பின்பற்றுபவர், பின்தங்குபவர் என்று அவர் வகுத்த பிரிவுகளைத் தஞ்சாவூரிலே அமர்ந்து ஒப்பிக்கும் மாணவர், அந்நூல் வெளியான சில ஆண்டுகளுக்குள் தம் பாட்டனார் வயலிலேயே அதற்கிணையான ஒரு நிகழ்ச்சி நடந்தது என்பதைப் பெரும்பாலும் அறிவதில்லை. அபிவிருத்தித் தொடர்பியல் நூல்களில் அது ஒரு வரியாக வரும்; அவ்வளவே.

அந்நிகழ்ச்சியைச் சற்று விரித்தே சொல்லவேண்டும். 1922-ல் ஏற்பட்ட ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தார், ஜப்பானிய நோரின் 10 ரகத்தையும் நம் ஜி.இ.பி. 24 ரகத்தையும் கலந்து, ஏறக்குறைய 105 நாளில் விளையக்கூடிய ஆடுதுறை 27 என்னும் குறுவை ரகத்தை உண்டாக்கினர். 1960-61-ல் தொடங்கிய தீவிர விவசாய ஜில்லாத் திட்டத்துக்கு இந்தியாவில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜில்லாக்களுள் தஞ்சாவூரும் ஒன்றாகையால், விதையும் உரமும் கடனும் ஒருங்கே குடியானவரைத் தேடிவந்தன. 1939 முதல் இயங்கிவந்த திருச்சிராப்பள்ளி வானொலி நிலையத்திலே 1966-ல் பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவும் அமைந்தது. நாற்று எத்தனை நாளில் பறிப்பது, மேலுரம் எப்போது இடுவது, தண்டுத்துளைப்பானுக்கு எந்த மருந்தை எந்த அளவில் தெளிப்பது என்பவற்றை அந்தந்த வாரத்துக்கு உரிய வேலையாக, அவ்வூர்ப் பேச்சிலேயே அவ்வானொலி சொல்லிவந்தது. புதிய ரகம் கிராமத்துக்குக் கிராமம் பரவியது. அதைத் தந்த நிலையத்தின் பெயரையோ எண்ணையோ நினைவில் வைத்துக்கொள்ளாத ஜனங்கள் 'ரேடியோ நெல்' என்றே அதனை வழங்கலாயினர். ஒரு வெகுஜனத் தொடர்புச் சாதனத்தின் பெயர் ஒரு தானியத்துக்கு ஏறிய இத்தகைய உதாரணம் உலகத்தில் வேறெங்கேனும் உண்டோ என்பது எனக்குச் சந்தேகம்.

வெற்றிக் கதையோடு இதை நிறுத்திவிட்டால் அது வானொலி நிலையத்தின் ஆண்டு விழா மலருக்கே பொருந்தும். பல்கலைக்கழகத்துக்கு உரிய வேலை அதற்குப் பின்னரே ஆரம்பமாகிறது. அந்த ரேடியோ யார் வீட்டுத் திண்ணையில் இருந்தது? விதை வாங்கவும் உரம் வாங்கவும் கடன் கிடைக்கக்கூடிய நிலம் யாரிடம் இருந்தது? அந்நெல்லை நட்டவரும் அறுத்தவரும் அந்த ஒலிபரப்பின் எந்தப் பகுதியிலாவது பேசினார்களா? 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25 இரவு, அந்நாளில் தஞ்சை ஜில்லாவைச் சேர்ந்திருந்த கீழ்வெண்மணியிலே, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளரின் குடும்பத்தவர் 44 பேர், பெரும்பாலும் பெண்டிரும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். நெல்லின் மகசூல் உயர்ந்தது இக்கொடுமைக்குக் காரணம் என்று ஒரே தாவாகத் தாவிவிடுவது அறிவுடைமை ஆகாது. அக்கூலிப் பிரச்சினைக்கு வேர் அதைவிட ஆழமானது. ஆனால் உயர்ந்த மகசூலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்னும் வழக்கு அவ்வாண்டுகளிலே கூர்மையடைந்தது என்பதை மறுப்பார் இல்லை. செய்தி பெருகப் பெருக, வசதியுள்ளவர் அறிவு விரைந்து வளர்ந்து, இல்லாதவர்க்கும் அவர்க்கும் உள்ள இடைவெளி மிகுகிறது என்று மின்னசோட்டா பேராசிரியர் மூவர் 1970-ல் எழுதினார்கள்; ராஜர்ஸே 1976-ல் தம் பழைய கொள்கையின் குறைபாட்டை ஒப்புக்கொண்டு எழுதினார். இவ்விரண்டையும் நம் மாணவர் படிக்கின்றனர், மெய்தான். அவற்றுக்குச் சான்று தேடி அமெரிக்காவுக்குப் போகவேண்டியதில்லை என்பதை மட்டும் அவருக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. கீழ்வெண்மணிச் செய்தியை அவ்வாரத்துத் தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகள் எந்தப் பக்கத்தில், எந்தத் தலைப்பில், யார் கூற்றை முதலில் வைத்து வெளியிட்டன என்று பழைய ஏடுகளைப் புரட்டி ஒப்புநோக்கச் செய்தால், செய்தித் தேர்வு பற்றிய ஒரு பருவத்துப் பாடம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்.

சித்தாந்தம் இருக்கட்டும், கைத்தொழில் எப்படி இருக்கிறது? கல்லூரிகள் ஸ்டூடியோ கட்டுவதில் காட்டும் உற்சாகம் பெரிது. விலையுயர்ந்த காமிராவும் பச்சைத் திரையும் சேர்க்கை விளம்பரத்திலே அழகாகத் தெரியும் அல்லவா? மாணவர் தயாரிக்கும் பயிற்சி ஏடுகள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். சினிமா விமரிசனம் இருக்கும்; கல்லூரி விழா இருக்கும்; பெரிய கோயிலைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்த விஷயங்கள் இருக்கும். குறுவை அறுவடைக் காலத்தில் வெளிவந்த ஓர் ஏட்டில் கொள்முதல் நிலையத்தைப் பற்றியும் ஒரு செய்தி இருந்தது. விவசாயிகள் வேதனை என்று தலைப்பு, நெல்மூட்டைகள் தேங்கிக் கிடப்பதாக நான்கு வாக்கியம், உடனடி நடவடிக்கை தேவை என்ற முடிவு. ஆனால் 17 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் நெல் திருப்பப்படும் என்பதோ, ஐப்பசி மழையிலே அறுத்த நெல்லை அந்த அளவுக்கு உலர்த்தக் களம் இல்லாமல் தார்ச்சாலையிலே கொட்டிக் காலால் கிளறிக்கொண்டு நிற்கிறார்கள் என்பதோ, அவ்வரம்பைத் தளர்த்துமாறு மாநில அரசு கேட்பதும் மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துச் செல்வதும் வாடிக்கையாகிவிட்டன என்பதோ, 40 கிலோ மூட்டை ஒன்றுக்கு இவ்வளவு என்று கொடுக்கவேண்டியிருப்பதாகக் குடியானவர் வெளிப்படையாகவே குறைகூறுகிறார்கள் என்பதோ அதில் இல்லை. அதை எழுதிய மாணவர் வீட்டிலேயே நெல் மூட்டை அடுக்கியிருந்திருக்கலாம். வீட்டில் அறிந்தது செய்தியாகும் என்று அவருக்கு வகுப்பு கற்பிக்கவில்லை. செய்தி என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று மட்டும் கற்பித்திருக்கிறது.

இதற்குப் பாதிக் காரணம், கற்பிப்பவரைத் தேர்ந்தெடுக்கும் முறை. தகுதித் தேர்வோ முனைவர் பட்டமோ உடையவரே ஆசிரியராகலாம் என்பது விதி. இருபது ஆண்டு தாலுகா நிருபராக அலைந்து, மேட்டூர் நீர்மட்டத்தைக் கொண்டே கடைமடையில் எப்போது தண்ணீர் வரும் என்று சொல்லக்கூடிய ஒருவர் அந்த வகுப்பில் ஒரு மணி நேரச் சிறப்புச் சொற்பொழிவுக்கு மேல் பேச இடமில்லை. ஆனந்த விகடன் நெடுங்காலமாக நடத்திவரும் மாணவப் பத்திரிகையாளர் திட்டத்திலே பொறியியலும் கணக்கியலும் படிப்பவர்கள்கூடச் சேர்ந்து, தெருவில் இறங்கிச் செய்தி சேகரிப்பதாலேயே தேர்ந்த நிருபராகிவிடுவதைக் காணும்போது, மூன்றாண்டு இதையே பாடமாகப் படித்தவர் பின்தங்குவானேன் என்ற வினா எழாமற் போகாது. தமிழ் நடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1942-ல் மதுரையிலே 'தந்தி'யைத் தொடங்கிய ஆதித்தனார், எளிய தமிழில் எழுதுவது எப்படி என்று தம் நிருபர்களுக்குக் கையேடே எழுதிக் கொடுத்தார். இன்றைய துறைகளிற் பல ஆங்கிலத்திற் பாடம் நடத்திவிட்டு, தமிழ்ப் பத்திரிகையிலும் தமிழ்த் தொலைக்காட்சியிலும் வேலை தேடும்படி மாணவரை அனுப்புகின்றன.

பழி முழுவதையும் கல்லூரியின் தலையில் ஏற்றுவதும் நியாயமன்று. தகவலியல் பட்டதாரியைப் பயிற்சி என்ற பெயரில் ஊதியமின்றி மாதக்கணக்கில் வேலை வாங்கும் நிலையங்கள் இருக்கின்றன. மேலும் நம் தினசரிகளின் அமைப்பே, வேதாரண்யத்துச் செய்தியை அந்த மாவட்டத்துப் பக்கத்தோடு நிறுத்திவிடும் அமைப்பு. தண்ணீர் தலைமடையிலிருந்து கடைமடைக்குப் போகையில் குறைகிறதென்றால், செய்தி கடைமடையிலிருந்து தலைநகருக்குப் போகையில் குறைகிறது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது, முதல் நாள் வந்தவை பெரும்பாலும் முன்னெச்சரிக்கையைப் பாராட்டும் செய்திகளே. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களிலே தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்துகிடந்தமை வெளியுலகுக்கு முழுமையாகத் தெரியச் சில நாட்கள் சென்றன. மின்சாரமும் கைபேசியும் அற்றுப்போன அத்தகைய நாட்களிலே ஊர்க்குரலைக் கொண்டுசெல்ல வல்லது சமுதாய வானொலி. வல்லத்திலே பெரியார் மணியம்மை நிறுவனத்தார் 90.4 அலைவரிசையிலே அப்படி ஒன்றை நடத்துகின்றனர். ஊடகத் துறை உள்ள ஒவ்வொரு கல்லூரியும் ஸ்டூடியோவுக்கு முன்பாக இதற்குச் செலவிட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

ஆகவே இக்கல்வி வேண்டுமா, வேண்டாமா என்பதன்று என் வாதம். வேண்டும், ஆனால் இப்போதுள்ள வடிவில் அது பாதிக் கல்வியே. முழுமையாக்குவதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. ஜூனில் தொடங்கி நவம்பரில் முடியும் கல்லூரிப் பருவமும், மேட்டூர் திறப்பிலிருந்து கொள்முதல் நிலையம் வரையுள்ள குறுவைப் போகமும் ஏறக்குறைய ஒரே கால அளவில் அடங்குகின்றன; ஒரு மாணவருக்கு ஒரு கிராமம் என்று கொடுத்து, அந்த ஒரு போகத்தைத் தொடர்ந்து எழுதச் செய்தாலே போதும். அதற்கும் முன்பாகச் செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டு. முப்பது வயதில் திருச்சி வானொலியைக் கேட்டு ஆடுதுறை 27-ஐ விதைத்தவருக்கும், அதை நட்டு அறுத்த கூலிப் பெண்ணுக்கும் இன்று தொண்ணூறு வயதளவு ஆகிறது. அவர்கள் கூறக்கூடியது எந்த நூலிலும் இல்லை. தஞ்சை, திருவாரூர், நாகைப் பகுதிகளிலுள்ள துறைத்தலைவர்கள், அடுத்த கல்வியாண்டுக்குக் காத்திராமல், இவ்வாண்டு மாணவர்களையே ஒலிப்பதிவுக் கருவியோடு அம்முதியவர்களிடம் அனுப்பிவைக்கவேண்டும். மிராசுதார் வீட்டுக்கு மட்டுமல்லாமல், தெருவின் மறுகோடிக்கும்.