பலகை இல்லாத வளையம்

வலைப்பந்தாட்டக் கம்பத்தில் பலகை கிடையாது. கூடைப்பந்தாட்டத்தில் கொஞ்சம் பிசகிய பந்தும் பலகையில் பட்டுத் திரும்பி உள்ளே விழும். பலகையிலுள்ள சதுரத்தைக் குறிபார்த்து அடிப்பதே அங்கே ஒரு தனி வித்தை. இங்கே அந்தத் தயவு இல்லை. பத்தடி உயரத்தில், வெறுங்கம்பத்தின் உச்சியில், 38 சென்ரிமீற்றர் அகலத்தில் ஓர் இரும்பு வளையம். பந்தின் குறுக்களவு ஏறத்தாழ 22 சென்ரிமீற்றர். பந்து நட்டநடுவே இறங்கினால் சுற்றிவர மிஞ்சுவது நாலு விரல் அகலம்.

அந்த நாலு விரல் அகலத்தை யாழ்ப்பாணத்து மானிப்பாய்ப் பெண்கள் பலருக்குப் பள்ளி நாளிலேயே தெரியும். வலிகாமத்துப் பாடசாலைகளில் நெற்போல் என்றழைக்கும் இந்த ஆட்டத்தை ஆடிய பிள்ளைகள் பின்னர் ஆசிரியைகளாகவும், வங்கியில் வேலை செய்பவர்களாகவும், ரொறன்ரோவில் பேரப்பிள்ளை பார்ப்பவர்களாகவும் ஆகிவிடுகிறார்கள். கைக்கு மட்டும் அது மறப்பதில்லை. தொலைக்காட்சியில் ஓர் ஆட்டம் போனால், பந்து கோல் வட்டத்துக்குள் வரும்போது அவர்களுடைய மணிக்கட்டு தன்பாட்டில் மடங்கும்.

2022 செப்டெம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை, அப்படி மணிக்கட்டுகள் மடங்கிய நாள். சிங்கப்பூரில் நடந்த ஆசிய வலைப்பந்தாட்ட இறுதியாட்டத்தில் கயாஞ்சலி அமரவன்ச தலைமையிலான இலங்கை அணி, சொந்த மண்ணில் ஆடிய சிங்கப்பூரை 63க்கு 53 என்று வென்றது. இலங்கைக்கு அது ஆறாவது ஆசியக் கிண்ணம். அதே நாளிரவு டுபாயில் ஆண்கள் பாகிஸ்தானை 23 ஓட்டங்களால் வென்று ஆசியக் கிரிக்கெட் கிண்ணத்தையும் தூக்கினார்கள். எரிபொருள் வரிசையும் மின்வெட்டும் சனத்தை வாட்டியெடுத்த ஆண்டு அது. இரண்டு நாள் கழித்துக் கட்டுநாயக்காவிலிருந்து கொழும்புக்குத் திறந்த பேருந்துகளில் இரண்டு அணிகளும் ஊர்வலம் வந்தபோது, வீதியோரத்தில் நின்ற முகங்களில் பல மாதங்களாகக் காணாத வெளிச்சம் தெரிந்தது.

யாழ்ப்பாணத்தாருக்கு அந்தக் கிண்ணங்களில் வலைப்பந்தாட்டக் கிண்ணம் கொஞ்சம் கூடுதல் சொந்தம். காரணம், அந்த அணியின் கோல் சூட்டர் தர்ஜினி சிவலிங்கம். புன்னாலைக்கட்டுவனை அடுத்த ஈவினையில் பிறந்தவர். வயாவிளான் மத்திய கல்லூரியில் படித்தவர். மானிப்பாய்ச் சந்தியிலிருந்து மோட்டார்சைக்கிளை எடுத்தால் அரை மணிக்குள் அவருடைய ஊருக்குப் போய்விடலாம். உயரம் 208 சென்ரிமீற்றர். 2022இல் அவருக்கு வயது 43.

உயரத்தைச் சொன்னதும் உடனே ஒரு பேச்சு எழும். "அவ உயரம்தானே, சும்மா நிண்டே போடலாம்." இதைச் சொல்பவர் அநேகமாக நெற்போல் ஆடாதவராக இருப்பார். ஆடியவர்களிடமிருந்து வரும் மறுமொழி சுருக்கமானது: "அப்ப நீ கதிரையில ஏறி நிண்டு போட்டுப் பாரன்."

அந்த மறுமொழியில் உண்மை இருக்கிறது. தர்ஜினியின் உச்சந்தலைக்கும் வளையத்துக்கும் இடையில் இன்னும் 97 சென்ரிமீற்றர் உண்டு. பந்தோடு நடக்க முடியாது. இந்த ஆட்டத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவும் வழியில்லை. கைக்கு வந்த பந்தை மூன்று விநாடிக்குள் விட்டாக வேண்டும். எதிரே மூன்றடி தள்ளி ஒருத்தி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்பாள். உலகமே உயரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, உண்மையான வேலை காலில் நடக்கிறது.

அவருடைய ஆட்டத்தின் பழைய பதிவொன்றை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் இது விளங்கும். பந்து இன்னும் ஆடுகளத்தின் நடுவில்தான் இருக்கும். தர்ஜினி அப்போதே வளையத்தடியில் தன் இடத்தைப் பிடித்திருப்பார். முதுகுக்குப் பின்னால் தடுப்பாளர். தள்ளினால் குற்றம், இடித்தால் குற்றம். ஆகவே பாதங்களை அகல ஊன்றி, இடுப்பைச் சற்றே தாழ்த்தி, அசையாமல் நிற்பதுதான் ஒரே வழி. பின்னாலிருப்பவள் இடப்பக்கம் வந்தால் இவருடைய பாரம் இடக்காலுக்கு மாறும். வலப்பக்கம் வந்தால் வலக்காலுக்கு. தூக்கப்பட்ட ஒரு கை மட்டும் 'இங்கே' என்று காட்டிக்கொண்டிருக்கும். பிறகு பந்து வருகிறது. பிடிக்கிறார். திரும்புகிறார். அந்தத் திரும்பல்தான் பார்க்கவேண்டியது. ஒரு பாதம் ஊன்றியபடியே இருக்க, மற்றது கால்வட்டம் சுழன்று வளையத்தின் நேரே வந்து நிற்கும். முழங்கால் ஒருதரம் மடங்கி நிமிரும். விரல்நுனியிலிருந்து பந்து பின்னோக்கிச் சுழன்றபடி கிளம்பும். அநேக வேளைகளில் இரும்பில் படும் சத்தமே கேட்காது.

இதன் மறுபாதி பந்தை அனுப்புகிறவளிடம் இருக்கிறது. வட்டத்தின் விளிம்பில் நிற்கும் சென்ரர் அல்லது விங் அற்றாக் இடத்து ஆட்டக்காரி, தர்ஜினியின் கைக்கு மட்டும் எட்டி மற்ற எந்தக் கைக்கும் எட்டாத ஓர் உயரத்துக்குப் பந்தைத் தூக்கிப்போட வேண்டும். ஒரு சாண் தாழ்ந்தால் தடுப்பாளர் பறிப்பாள். ஒரு சாண் கூடினால் பந்து எல்லைக்கோட்டுக்கு வெளியே போகும். அனுப்பியவளின் பெயர் கோல் கணக்கில் வராது. நெற்போல் பார்த்துப் பழகிய கண்ணோ முதலில் அவளைத்தான் தேடும். 2018இல் சதுரங்கி ஜயசூரிய தலைமையில் இலங்கை இதே சிங்கப்பூரில் சிங்கப்பூர் அணியையே 69க்கு 50 என்று வென்று, ஒன்பது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு ஆசியக் கிண்ணத்தை மீட்ட ஆட்டமும் இப்படித் தூக்கிப்போட்ட பந்துகளால் கட்டப்பட்டதுதான்.

இந்தக் கலை எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு 2019 யூலை சாட்சி. இங்கிலாந்தின் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தில் இலங்கை அணி பதக்க மேடைக்கு அருகிலும் வரவில்லை. ஆனால் தொடர் முழுவதிலும் அதிக கோல்கள் போட்டவர் தர்ஜினி: 348. சிங்கப்பூரை 88க்கு 50 என்று வென்ற ஆட்டத்தில் 78 தடவை எறிந்து 76ஐ உள்ளே போட்டார். அப்போது அவருக்கு நாற்பது வயது. வெற்றி குறைந்த அணியில் நின்றுகொண்டு இப்படி ஆடுவதற்கு வேறொரு மனத்திடம் வேண்டும். பாராட்டப்பட வேண்டியது முதலில் அதுதான்.

அதே ஆண்டு மே மாதம் வளையத்தின் இன்னொரு முகத்தையும் நம்மவர்கள் கண்டார்கள், இந்த முறை ரொறன்ரோவில். மானிப்பாயில் கனடாவில் உறவில்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். ஆகவே ரொறன்ரோ ராப்ரர்ஸ் கூடைப்பந்தாட்ட அணி ஏதோவொரு வகையில் இங்கேயும் சொந்த அணிதான். மே 12ஆந் திகதி இரவு, பிலடெல்பியா அணிக்கு எதிரான தொடரின் கடைசி, ஏழாவது ஆட்டம். யாழ்ப்பாணத்தில் அப்போது திங்கள் காலை. 90க்கு 90. கடைசி விநாடிகளில் காவாய் லெனர்ட் வலப்பக்க மூலைக்கு ஓடி, ஏழடி உயர ஜோயல் எம்பீட்டின் நீட்டிய கைக்கு மேலால் பந்தை எறிந்தார். ஆட்டநேரம் முடிந்த மணி அடித்தது. பந்து வளையத்தில் பட்டுத் துள்ளியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பிறகு உள்ளே இறங்கியது. அரங்குக்கு வெளியே சதுக்கத்தில் திரண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் கத்தினார்கள். யூன் 13இல் கோல்டன் ஸ்ரேற் அணியை 114க்கு 110 என்று வென்று ராப்ரர்ஸ் சம்பியனானபோது, நகர மையத்தின் வீதிகள் விடிய விடிய நிரம்பியிருந்தன. ஸ்காபரோவிலிருந்து கூட்டாளிகளோடு ரயிலேறிப் போன தமிழ் இளைஞர்களுக்கு அது தங்கள் ஊர்த் திருவிழா.

லெனர்ட்டின் பந்து நாலுதரம் துள்ளிய வளையத்துக்கும் நம் பாடசாலை வளையத்துக்கும் உயரம் ஒன்றுதான்: பத்தடி. அந்தப் பத்தடி தற்செயலாக வந்தது. 1891 டிசெம்பரில், அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்டில், கனடாவில் பிறந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் பழக்கூடைகள் இரண்டை மாடி விளிம்பில் ஆணியடித்து மாட்டினார். மாடி விளிம்பு பத்தடி உயரத்தில் இருந்தது. அவ்வளவுதான். அந்த ஆட்டம் சில ஆண்டுகளில் இங்கிலாந்தின் பெண்கள் கல்லூரியொன்றுக்குப் போய், அங்கே பலகையில்லாமல், தட்டி ஓடாமல், பின்னர் அணிக்கு ஏழு பேராகி வலைப்பந்தாட்டமாக மாறியது. மானிப்பாய்க்காரர் இங்கே ஒரு கணம் நின்று போகலாம். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீனின் சொந்த ஊரான வூஸ்ரரும் அதே மசாசூசெற்ஸில்தான். ஒரே மாநிலத்திலிருந்து இந்த ஊருக்கு ஆஸ்பத்திரியும் வந்திருக்கிறது. சுற்றுவழியாக வளையமும் வந்திருக்கிறது.

ரொறன்ரோவின் கொண்டாட்டத்துக்கு இலட்சம் பேர் வேண்டும். மானிப்பாய்க்கு ஆறேழு பேர் போதும். வலய மட்டப் போட்டியில் வென்ற பின்னேரம், வியர்வை காயாத உடுப்போடு பிள்ளைகள் கூல்பாருக்குள் நுழைவார்கள். கூட வந்த அக்கா ஒருத்தி காசை எண்ணிப் பார்த்து ஐஸ்கிறீம் சொல்லுவாள். கிண்ணங்கள் மேசைக்கு வரும். ஒருத்தரும் முதலில் சாப்பிடமாட்டார்கள். ஆட்டம் மறுபடி தொடங்கிவிடும். உப்புப்போத்தல் கம்பமாகும். கரண்டி தடுப்பாளராகும். "நீ குடுத்த பந்து கொஞ்சம் பதிவு, நான் எட்டிப் பிடிச்சதால தப்பிச்சுது." "பதிவோ? உன்ர கை எங்கயடி இருந்தது?" கோல் சூட்டர் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்புவாள். மேசைகளுக்கு நடுவே பாதங்களை அகல ஊன்றி, இடுப்பைத் தாழ்த்தி, ஒரு கையை உயர்த்தி நின்று காட்டுவாள். சோடா குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தன் கதிரையைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து இடம் விடுவார்.

வெளியே காரைநகர் பஸ் ஹோர்ன் அடிக்கிறது. உருகிய ஐஸ்கிறீமை இரண்டு மிடறில் குடித்துவிட்டு ஓடுகிறார்கள். வலைப்பையில் போட்ட பந்து கடைசியாக ஏறியவளின் தோளில் தொங்குகிறது. மிதிபலகையில் நின்றபடி, அது என்ன மாதிரியான பந்து என்பதை அவள் இன்னமும் கையால் காட்டிக்கொண்டிருக்கிறாள்.