ஜிமி ஹென்ட்ரிக்ஸ்: தீயை விட்டு விரல்களைப் பார்ப்போம்

1967-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் தேதி இரவு, கலிபோர்னியாவிலுள்ள மான்டரே நகரத்து இசைவிழாவில், தம் கிதாரை மேடையில் கிடத்தி, அதன்முன் மண்டியிட்டு, எரிதிரவத்தை ஊற்றித் தீ மூட்டிய ஜிமி ஹென்ட்ரிக்ஸின் தோற்றமே உலகத்தாரின் மனத்தில் நிலைத்துவிட்டது. சைக்கடெலிக் ராக் என்னும் மரபுக்கே அது இலச்சினையாகிவிட்டதால், அந்த மனிதரின் வித்வத்துவத்தை நிதானமாக ஆராய வேண்டியவர்களும் அந்தச் சுவாலையோடு நின்றுவிடுகிறார்கள். இது அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே நான் கருதுகிறேன்.

1942-இல் சியாட்டில் நகரில் பிறந்த அவர் இடது கையர். வலது கையருக்கென்று செய்யப்பட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரைத் தலைகீழாகத் திருப்பி, தந்திகளை மட்டும் மாற்றிக் கட்டி வாசித்தார். இதனால் கிதாரின் கழுத்தைப் பிடித்த கை வலது கையாயிற்று. நீண்ட விரல்கள் கொண்ட அந்தக் கையின் கட்டைவிரல் கழுத்தின் மேற்புறமாக வளைந்து வந்து மந்தரத் தந்தியை அழுத்திக்கொள்ள, எஞ்சிய நான்கு விரல்களும் மேல் தந்திகளில் சுயேச்சையாகச் சங்கதிகளை உதிர்த்தன. தாளத்துக்கு ஒருவர், தனி வாசிப்புக்கு ஒருவர் என இரண்டு கிதார்க்காரர்கள் செய்யும் காரியத்தை அவர் ஒருவரே செய்துவந்ததன் இரகசியம் பெரும்பாலும் இந்தக் கட்டைவிரலில்தான் இருக்கிறது.

இந்தச் சாமர்த்தியம் ஒருநாளில் வந்ததன்று. அமெரிக்க இராணுவத்தின் 101-ஆவது வான்வழிப் படைப்பிரிவில் பாராசூட் வீரராகச் சிறிது காலம் பணியாற்றி 1962-இல் விடுபட்ட பிறகு, ஐஸ்லி சகோதரர்கள், லிட்டில் ரிச்சர்ட் முதலியோருக்குப் பக்கவாத்தியக்காரராக ஊர் ஊராக அலைந்த ஆண்டுகளே அவருடைய சாதக காலம். 1966-இல் நியூயார்க்கில் அவரைக் கேட்டு வியந்த ஆங்கில இசைக்கலைஞர் சாஸ் சாண்ட்லர் லண்டனுக்கு அழைத்துச் சென்றதும், மறு ஆண்டே முதல் இசைத்தொகுப்பு வெளிவந்து புகழ் பரவியதும் யாவரும் அறிந்தவை.

1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக் விழாவின் பெருங்கூட்டத்தில் பெரும்பகுதி கலைந்துவிட்ட திங்கட்கிழமைக் காலையில், அவர் அமெரிக்க தேசிய கீதத்தை வாசித்தார். ஒத்திகை போதாத குழு என்பதால் கச்சேரி இடையிடையே தொய்ந்தது உண்மையே. ஆயினும் அந்தச் சில நிமிஷங்களில், குண்டுவீச்சின் ஓலத்தைத் தந்தியில் எழுப்பி, இராணுவச் சவ அடக்கத்தில் ஊதப்படும் மெட்டையும் இடையில் கோத்து, ஒவ்வொரு முறையும் மூல மெட்டின் சுருதிக்குப் பிசகாமல் திரும்பி வந்தார். அதைக் கூச்சல் என்று சொன்னவர்கள் அப்படித் திரும்பி வந்ததைக் கவனிக்கவில்லை.

எனினும் அவருடைய சிகரம் என்று நான் கொள்வது, 1970 புத்தாண்டு நாளில் நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் வாசித்த ‘மெஷின் கன்’. அமெரிக்க நகரங்களில் போராடுவோருக்கும் வியட்நாமில் போரிடுவோருக்கும் அதை அர்ப்பணித்துத் தொடங்கினார். பக்கத்தில் பாஸ் கிதார் வாசித்த பில்லி காக்ஸ், இராணுவத்தில் கிடைத்த பழைய நண்பர்; பட்டி மைல்ஸின் முரசு துப்பாக்கியின் வெடிப்பைப் போல் அதிர்கிறது. தனி வாசிப்பு ஒரே ஒரு நீண்ட ஸ்வரத்தில் தொடங்குகிறது. ஒலிபெருக்கியிலிருந்து வரும் நாதமே தந்தியை மீண்டும் அதிரவைத்து, அடங்காமல் பெருகும் அந்த ஃபீட்பேக்கை, பிறர் விபத்தாக அஞ்சியதை, அவர் பாகன் யானையை நடத்துவதுபோல் நடத்திச் செல்கிறார். பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் நீளும் இந்த வாசிப்பில் மேடையாட்டம் இல்லை; பல்லால் வாசிக்கும் வித்தையும் இல்லை; அநேகமாக நின்ற இடத்திலேயே நிற்கிறார்.

அதே ஆண்டு செப்டம்பர் 18-ஆம் தேதி லண்டனில் அவர் மறைந்தபோது வயது இருபத்தேழு. நியூயார்க்கில் ஆசையோடு கட்டிய ‘எலெக்ட்ரிக் லேடி’ ஒலிப்பதிவுக்கூடம் திறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவரைப் புதிதாகக் கேட்கப் புகும் இளைஞர்கள் மான்டரே படத்திலிருந்து தொடங்காமல், ஃபில்மோர் ஒலிப்பதிவிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் செல்ல வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.